தம்பி க்ளோசபின் சாப்பிடுறான், சிகரெட்டை உடனே நிறுத்தலாமா?

பிரிவு: பெங்களூர் தமிழர் › உடல்நலம், மனநலம்

ஸ்ரீராமபுரம் செல்வி

வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இப்பதான். என் தம்பிக்கு 34 வயசு, ஸ்கிசோஃப்ரினியா. எத்தனையோ மருந்து மாத்திப் பார்த்துக் கடைசியில க்ளோசபின்லதான் நிலைச்சான். இப்ப காதுல குரல் கேக்கிறது அநேகமா இல்ல. காலையில அவனே போய்ப் பால் வாங்கிட்டு வர்றான், பேப்பர் படிக்கிறான். ஆனா சிகரெட் நாளைக்கு ஒன்றரை பாக்கெட்டுக்குக் குறையாது. கூடவே காப்பி, அதுக்கும் கணக்கு கிடையாது.

இப்ப நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்குது. தெருமுனை கிளினிக் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்துட்டு, "சிகரெட்டை இன்னிக்கே விட்டுடு"ன்னுட்டார். அவனும் பயந்துபோய்ச் சரின்னுட்டான். வீட்டுல ஆளுக்கொரு பேச்சு. திங்கக்கிழமையிலிருந்து ஒண்ணுகூடத் தரக்கூடாதுங்கிறார் அண்ணன். "அவனுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் பிடுங்காதீங்கடா"ன்னு அம்மா அழறாங்க. மனநல டாக்டரைப் பார்க்க அடுத்த மாசம்தான் தேதி. அதுவரைக்கும் காத்திருக்கலாமா? இப்பவே நிறுத்தினா நோய் திரும்பிடுமா?

மர்ஃபி டவுன் மாமா

அம்மா சொல்றதுதான் சரிம்மா. வேலை இல்ல, கல்யாணம் இல்ல, கூட்டாளி இல்ல. டீக்கடை வாசல்ல நாலு பேரோட நின்னு ஒரு தம் போடுறதுதான் அந்தப் பையனுக்கு ஊர் உலகம். முதல்ல மனசு தேறட்டும், நுரையீரலை அப்புறம் பார்த்துக்கலாம். நான் பார்த்த வரைக்கும் இந்த நோய்க்காரங்க கையில சிகரெட் இருந்தா சாந்தமா இருப்பாங்க.

வார்டு சிஸ்டர்

செல்வி, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், இதை முதல்ல படிங்க. மனநல டாக்டருக்குத் தெரியாம திங்கக்கிழமை டக்குனு நிறுத்த வேண்டாம். நிறுத்தவே கூடாதுன்னு சொல்லல. சொல்லாம நிறுத்தக் கூடாது.

காரணம் இதுதான். க்ளோசபினைக் கல்லீரல்ல கரைச்சு வெளியேத்துற வேலையைப் பெரும்பாலும் ஒரே ஒரு என்சைம் செய்யுது, சிஒய்பி1ஏ2ன்னு பேரு. சிகரெட் புகையில இருக்கிற தார் சம்பந்தப்பட்ட வேதிப்பொருள்கள் அந்த என்சைமை அதிகமா சுரக்க வைக்கும். அதனால புகை பிடிக்கிறவங்க உடம்புல மருந்து வேகமா வெளியேறிடும். டாக்டரும் அதுக்கேத்த மாதிரி டோஸை ஏத்தி வெச்சிருப்பார். நாளைக்கே புகை நின்னா, ஒரு வாரத்துக்குள்ள என்சைம் பழைய அளவுக்கு இறங்கிடும். ஆனா மாத்திரை அதே அளவுதான் உள்ள போயிட்டிருக்கும். அடியில திறந்திருந்த குழாயை மூடிட்டு, மேல மோட்டாரை ஓடவிட்டா தொட்டி என்ன ஆகும்? அதுதான். ரத்தத்துல க்ளோசபின் அளவு இப்ப இருக்கிறதைவிட இன்னும் பாதிப் பங்குக்கு மேலகூட ஏறலாம்.

ஏறினா எப்படித் தெரியும்? அளவுக்கு மீறின தூக்கம், தலையணை நனையிற அளவுக்கு எச்சில், நடையில தள்ளாட்டம், கை கால் வெட்டி இழுக்கிறது, கடும் மலச்சிக்கல். இன்னும் மிஞ்சினா வலிப்பு. "சிகரெட்டை விட்டதால சோர்வா இருக்கான்"னு வீட்டுல நினைச்சுக்குவாங்க. உண்மையில அது மருந்து மிஞ்சின அறிகுறியா இருக்கும்.

உங்க விஷயத்துல இன்னும் ரெண்டு சிக்கல் இருக்கு. நெஞ்சுத் தொற்றே க்ளோசபின் அளவை ஏத்தும், காய்ச்சல், அழற்சி இருக்கும்போது அந்த என்சைம் மந்தமாயிடும். அடுத்தது அந்த ஆன்டிபயாடிக். பேரு என்னன்னு அட்டையைப் பார்த்து இப்பவே சொல்லுங்க. சிப்ரோஃப்ளாக்சசினா இருந்தா அடுத்த வேளை கொடுக்கிறதுக்கு முன்னாடி மனநல டாக்டருக்குப் போன் பண்ணுங்க. அது இதே என்சைமைப் போட்டு அமுக்கிடும்.

அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க. "க்ளோசபின் சாப்பிடுற பேஷன்ட், நெஞ்சுத் தொற்று, புகையை நிறுத்தப் போறார்"னு இந்த மூணையும் சேர்த்துச் சொல்லுங்க. எந்த ஓபிடியிலயும் முன்னாடியே கூப்பிடுவாங்க.

ஸ்ரீராமபுரம் செல்வி

சிஸ்டர், கை நடுங்குது. அட்டையில சிப்ரோஃப்ளாக்சசின்னுதான் போட்டிருக்கு. ரெண்டு வேளை போட்டாச்சு. இப்பவே கூப்பிடுறேன்.

கோரமங்களா கோடர்

ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. புகை பிடிச்சா மருந்து குறையுது, விட்டா ஏறுதுன்னா, பிடிச்சுக்கிட்டே டோஸை ஏத்தி வெச்சுக்கலாமே? இப்ப அப்படித்தானே ஓடிட்டிருக்கு. இன்னொண்ணு, நிகோடின் ஸ்கிசோஃப்ரினியாக்காரங்களோட கவனத்தைக் கூட்டுது, அது அவங்களே எடுத்துக்கிற மருந்து மாதிரின்னு நிறைய கட்டுரை படிச்சிருக்கேன்.

வார்டு சிஸ்டர்

தப்பா எடுத்துக்க என்ன இருக்கு, எல்லாரும் கேக்கிற கேள்விதான்.

முதல் கேள்விக்கு: ஓடும். ஆனா எதுவரைக்கும்? கடும் மனநோய் இருக்கிறவங்க மத்தவங்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னாடியே போயிடுறாங்க. தற்கொலையாலன்னு நினைப்பீங்க. பெரும்பங்கு மாரடைப்பு, நுரையீரல், சர்க்கரை மாதிரி உடம்பு நோய்கள்தான். க்ளோசபின், அதே மாதிரி மனநோய் மருந்தான ஓலன்சபின், ரெண்டுமே எடையையும் சர்க்கரையையும் ஏத்துற மருந்து. அதுக்கு மேல ஒன்றரை பாக்கெட் சிகரெட். மனசைக் காப்பாத்திட்டு இதயத்தைக் கோட்டை விடுறதுக்கா இத்தனை வருஷம் வைத்தியம்?

ரெண்டாவதுல பாதி உண்மை இருக்கு. நிகோடின் கவனத்தைக் கொஞ்ச நேரம் கூட்டும், அதை யாரும் மறுக்கல. ஆனா "சுய மருந்து"ங்கிற கருத்துக்கு வலு சேர்த்த ஆராய்ச்சிகள்ல சிலதுக்கு சிகரெட் கம்பெனிகளே பணம் கொடுத்தது, அமெரிக்க வழக்குகளால வெளிய வந்த அவங்க உள் ஆவணங்கள்லயே இருக்கு. அதை வெச்சுக்கிட்டுப் படிக்கணும். மர்ஃபி டவுன் மாமா சொன்ன அந்தச் சாந்தம் என்ன தெரியுமா? அரைமணி நேரமா ஏறிக்கிட்டிருந்த நிகோடின் ஏக்கம் அடங்குறது. அந்தப் பதற்றத்தை உண்டாக்கினதே முந்தின சிகரெட்தான்.

இருமுனை இளங்கோ

இதை நான் உள்ளயிருந்து சொல்றேன். எனக்கு பைபோலார், லித்தியம் சாப்பிடுறேன், வேலை ஒயிட்ஃபீல்டுல. சிகரெட்டை விட்டு வருஷங்கள் ஆச்சு.

விடும்போது முதல் மூணு நாள் நரகம். தூக்கம் வராது, எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவேன், மனசு அலை பாயும். எனக்கு மேனியா, அதாவது பைபோலார்ல வர்ற அளவுமீறின உற்சாகம், வருதோன்னு என் மனைவி பயந்துட்டா. டாக்டர்தான் பிரிச்சுச் சொன்னார்: நிகோடின் ஏக்கம் ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போய், ரெண்டு முதல் நாலு வாரத்துல தணிஞ்சுடும். தணியாம ஏறிக்கிட்டே போனா, பசியில்லாம தூக்கமில்லாம உற்சாகம் பொங்கினா, அப்ப அவரைக் கூப்பிடணும். இந்த வித்தியாசம் வீட்டுல இருக்கிறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா பாதிப் பயம் போயிடும்.

2014-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. விட்டவங்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மன அழுத்தமும் குறைஞ்சுதான் இருந்தது, ஏற்கெனவே மனநோய் இருந்தவங்களுக்கும் அப்படியே. என் அனுபவமும் அதேதான்.

லித்தியம் சிறுநீரகம் வழியா போறதால புகையால அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா காப்பியைக் கவனிங்க! திடீர்னு காப்பியைக் குறைச்சா லித்தியம் அளவு ஏறும். புகையை விடும்போதோ உடம்புல காப்பியோட வீரியம் கூடும், ஏன்னா கஃபீனையும் அதே சிஒய்பி1ஏ2தான் கரைக்குது. "சிகரெட்டை விட்டேன், கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது"ன்னு சொல்றவங்கள்ல பல பேருக்குக் காரணம் டபரா செட்ல இருக்கு. செல்வி அக்கா, தம்பி காப்பியைப் பாதியாக்கணும். அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டே செய்யுங்க, க்ளோசபினும் காப்பியும் அதே என்சைமுக்குத்தான் போட்டி போடுது.

மர்ஃபி டவுன் மாமா

சரிப்பா, காப்பியையும் குறை, சிகரெட்டையும் விடு. மனுஷன் எதுக்குத்தான் உயிரோட இருக்கிறது?

பீன்யா பாஸ்கர்

மாமா, "அதுவாவது இருக்கட்டும்"கிற இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோவம் வருது. எங்க அண்ணனை நகரத்துக்கு வெளிய ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்துல சேர்த்தோம், பேர் வேண்டாம். குளிச்சா ஒரு பீடி, சத்தம் போடாம இருந்தா ஒரு பீடி, மாத்திரை முழுங்கினா ஒரு பீடி. போகும்போது எப்பவாவது பிடிக்கிறவர், திரும்பி வரும்போது கட்டுக் கட்டா பிடிக்கிறவரா வந்தார். ஏன் சார்னு கேட்டா, "அவங்களுக்கு வேற என்ன சந்தோஷம்?"னாங்க. வேற சந்தோஷம் கொடுக்கிற வேலையை யார் செய்யுறது?

வார்டு சிஸ்டர்

பாஸ்கர் தம்பி, அது உங்க ஊர் இல்லத்தோட மட்டும் நிக்கல. உலகம் பூரா மனநல வார்டுகள்ல ஒரு காலத்துல சிகரெட்தான் பரிசு, சிகரெட்தான் தண்டனை. அந்தப் பழக்கத்தோட நிழல் இன்னும் போகல. சர்க்கரை நோயாளி புகை பிடிச்சா திட்டுற டாக்டர், மனநோயாளி பிடிச்சா கேக்கிறதேயில்ல. கேட்டா எத்தனை பேர் "விடணும்"னு சொல்றாங்க தெரியுமா? மத்தவங்களுக்கு இருக்கிற அதே ஆசை இவங்களுக்கும் இருக்கு. விடுறதுதான் கஷ்டம். ஒரே சிகரெட்லேர்ந்து இவங்க அதிக நிகோடினை இழுத்துக்கிறாங்க. அதனால மத்தவங்களுக்குக் கொடுக்கிற உதவியைவிட அதிகமா, அதிக நாளைக்கு வேணும்.

இங்கிலாந்துல கடும் மனநோய் இருக்கிற 526 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது, 2019-ல வெளியாச்சு. மனநல வேலையில அனுபவம் உள்ள ஒருத்தர் வீட்டுக்கே போய்ப் பேசி, முதல்ல குறைச்சு, அப்புறம் நிறுத்தி, தவறினா மறுபடி ஆரம்பிச்சு, இப்படி. ஆறு மாசத்துல இந்த உதவி கிடைச்சவங்கள்ல 14 சதவீதம் விட்டிருந்தாங்க, வழக்கமான சேவை கிடைச்சவங்கள்ல 6 சதவீதம். பன்னிரண்டு மாசத்துல 15-க்கு 10-ன்னு இடைவெளி சுருங்கிடுச்சு. பெரிய வெற்றின்னு மேடை போட்டுச் சொல்ற எண் இல்ல. ஆனா "இவங்களால முடியாது"ங்கிறது பொய்னு தெரியுது. உதவியை ஆறு மாசத்தோட நிறுத்தக் கூடாதுன்னும் தெரியுது.

கோரமங்களா கோடர்

சிகரெட்டை விடக் கொடுக்கிற வாரெனிக்ளின் மாத்திரை பத்தி யாராவது சொல்லுங்க. அது தற்கொலை எண்ணத்தைத் தூண்டும்னு டப்பாவிலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருந்ததே? மனநோய் இருக்கிறவங்களுக்கு அதைக் கொடுக்கிறது விபரீதம் இல்லையா?

இருமுனை இளங்கோ

இருந்தது. 2009-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த எச்சரிக்கையைப் போட வெச்சது. அப்புறம் அவங்களே கேட்டதன் பேர்ல 16 நாடுகள்ல 8,000 பேருக்கு மேல வெச்சு ஒரு சோதனை நடந்தது, ஈகிள்ஸ்னு பேரு. அதுல பாதிப் பேர் மனநோய் உள்ளவங்க. வாரெனிக்ளின், புப்ரோபியான் (இதுவும் சிகரெட்டை விடக் கொடுக்கிற மாத்திரைதான்), தோல்ல ஒட்டுற நிகோடின் பட்டை, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைன்னு நாலு பிரிவு. மனநலப் பக்கவிளைவுகள் வாரெனிக்ளின்லயோ புப்ரோபியான்லயோ வெறும் மாத்திரையைவிடக் குறிப்பிடும்படியா கூடல. விட்டவங்க எண்ணிக்கை வாரெனிக்ளின்லதான் அதிகம். 2016-ல லான்செட்ல வந்தது, அந்த வருஷக் கடைசியில கறுப்புக் கட்டத்தையும் எடுத்துட்டாங்க. ஆனா இணையத்துல இருக்கிற பழைய பயம் மட்டும் போக மாட்டேங்குது.

அதுக்காகக் கடையில போய் வாங்கிப் போட்டுக்கிற சமாச்சாரம் இல்ல. நோய் ஓரளவு நிலையா இருக்கும்போதுதான் ஆரம்பிப்பாங்க. எனக்கு வாந்தி உணர்வும் சினிமா மாதிரி கனவும் வந்தது. கனவை நான் ரசிச்சேன்னே சொல்லலாம்.

வார்டு சிஸ்டர்

ஒரு சின்னச் சேர்ப்பு. புப்ரோபியான் வலிப்பு வர்ற வாய்ப்பைக் கூட்டும். க்ளோசபினும் கூட்டும். அதனால செல்வியோட தம்பிக்கு யாராவது அதைச் சொன்னா ரெண்டு முறை கேளுங்க. பைபோலார்காரங்களுக்கும் அது மனச்சோர்வு மருந்துங்கிறதால மேனியா பக்கம் ஒரு கண் வேணும்.

ஈஜிபுரா தேவி

சிஸ்டர், எங்க வீட்டுல கதை வேற. வீட்டுக்காரருக்கு மனச்சோர்வு, குடி. குடியை விட்டு இப்பதான் கொஞ்சம் நிமிர்றார். ஆனா ஹான்ஸ் புகையிலை வாய்ல எப்பவும் இருக்கு. அதுக்கும் மருந்து டோஸ் மாறுமா? "ரெண்டையும் ஒண்ணா விட்டா மறுபடி குடிக்கப் போயிடுவார், இதைத் தொடாதே"ன்னு மாமியார் சொல்றாங்க.

வார்டு சிஸ்டர்

தேவி, என்சைமைத் தூண்டுறது புகைதான், நிகோடின் இல்ல. ஹான்ஸ், கூல் லிப், ஜர்தா, எதுலயும் புகை இல்ல, அதனால டோஸ் பிரச்சினை வராது. அதே காரணத்துனாலதான் நிகோடின் கம், பட்டையால க்ளோசபின் அளவு மாறாது; அதைப் போட்டாலும், புகை நின்னா ஏறுறது ஏறத்தான் செய்யும். அடிமைத்தனத்துல மட்டும் ஹான்ஸ் சிகரெட்டுக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்ல. வாய்ப் புற்றுநோய் பத்தி நான் சொல்ல வேண்டாம், கித்வாய் ஆஸ்பத்திரி வாசல்ல அரைமணி நேரம் நின்னா போதும்.

மாமியார் சொல்றது குடிநோய் வைத்தியத்துலயே ரொம்ப நாள் இருந்த நம்பிக்கை. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா தலைகீழா இருக்கு: குடிக்கான வைத்தியத்தோடயே புகையிலைக்கும் உதவி கிடைச்சவங்க, குடியிலிருந்து நீண்ட நாள் விலகி இருக்கிற வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல். யோசிச்சா ஆச்சரியமில்ல. ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே ஆளுங்களோட, ஒரே இடத்துல நடக்குது.

பீன்யா பாஸ்கர்

தமிழ்ல பேசுறவங்க கிடைப்பாங்களா? எங்க அண்ணனுக்குக் கன்னடம் கடைக்குப் போற அளவுக்குத்தான் வரும். மனசுல உள்ளதைக் கன்னடத்துல சொல்லச் சொன்னா வாயை மூடிக்குவார்.

நெறியாளர்

கிடைப்பாங்க. சிகரெட் பாக்கெட், ஹான்ஸ் பாக்கெட் பின்னாடி அச்சிட்டிருக்கிற 1800-11-2356, புகையிலையை விட உதவுற இலவச எண். 2016-ல டெல்லியில தொடங்கினது. 2018-லிருந்து தென்மாநில மொழிகளுக்கு இங்க நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிலேர்ந்தே பேசுறாங்க, தமிழும் உண்டு. முதல் அழைப்புலேயே "இன்ன மனநோய், இன்ன மாத்திரை"ன்னு சொல்லிடுங்க. மனநலத்துக்குன்னே தனியா 14416, டெலி மானஸ். இழையில யார் சொன்னதையும் வெச்சு யாரும் தானா டோஸைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம், இது வேண்டுகோள் இல்ல, விதி.

ஸ்ரீராமபுரம் செல்வி

எல்லாருக்கும் நன்றி. அன்னிக்கே டாக்டர்கிட்ட பேசிட்டேன். ஆன்டிபயாடிக்கை உடனே மாத்தச் சொன்னார், மறுநாளே வரச் சொன்னார். க்ளோசபின் அளவுக்கு ரத்தம் எடுத்தாங்க. மாசா மாசம் எடுக்கிறது வெள்ளணுக்களுக்காம், இது வேறயாம், இத்தனை நாளா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சிருந்தோம். சளி குறையிற வரைக்கும் டோஸைக் கொஞ்சம் இறக்கியிருக்கார். புகையை ஒரே நாள்ல நிறுத்தாம, பட்டையும் கம்மும் சேர்த்துக் கொடுத்து மெதுவா இறக்கலாம்னார். பட்டை ஒட்டிக்கிட்டே சிகரெட் பிடிச்சா மாரடைப்பு வரும்னு அண்ணன் சண்டைக்கு நின்னார், அப்படியெல்லாம் இல்லன்னு டாக்டர் அவருக்குப் பொறுமையா சொன்னார். தம்பி அங்கேயே "கடைசி ஒண்ணு எப்ப?"னு கேட்டான். அவனே கேட்டது அம்மாவுக்குத்தான் பெரிய ஆறுதல்.

ஒரு சந்தேகம். கம்மைப் போட்டா காரம், விக்கல், வயித்தெரிச்சல்னு துப்பிடுறான்.

வார்டு சிஸ்டர்

பபிள்கம் மாதிரி மெல்லுறான். மெதுவா கடிச்சு, சுருக்குனு காரம் வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வெக்கணும். காரம் போனதும் மறுபடி ரெண்டு கடி, மறுபடி ஒதுக்கணும். அரைமணி நேரம் அப்படியே. எச்சிலை விழுங்கினா நிகோடின் வயித்துக்குப் போயிடும், அதான் எரிச்சல். காப்பி குடிச்ச கால்மணி நேரத்துக்குள்ள போட்டா வாயில ஏறாது. எழுந்த அரைமணிக்குள்ள முதல் சிகரெட் தேடுறவனுக்கு 2 மி.கி. போதாம போகலாம், 4 மி.கி. வேணுமான்னு டாக்டரைக் கேளுங்க.

குறைக்கும்போது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்த என்சைமை முழுசா தூண்டி வெக்க நாளைக்கு 7 முதல் 12 சிகரெட்டே போதும். முப்பதுலேர்ந்து பதினஞ்சுக்கு இறங்கினா மருந்து அளவுல பெரிசா எதுவும் ஆகாது. "பாதி குறைச்சும் ஒண்ணும் ஆகலையே"ன்னு தைரியமா இருப்பீங்க. மாத்தம் வர்றது அந்தக் கடைசிப் பத்தை விடும்போதுதான். அந்த வாரத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கும் டாக்டர் சந்திப்புக்கும் இப்பவே தேதி வாங்கி வெச்சுக்கோங்க.

தம்பி மறுபடி பிடிக்க ஆரம்பிச்சா திட்டாதீங்க, முக்கியமா அண்ணன்கிட்ட சொல்லி வைங்க. திட்டினா ஒளிச்சுப் பிடிப்பான். டோஸைக் குறைச்ச பிறகு ஒளிச்சுப் பிடிச்சா மருந்து அளவு கீழ போய், குரல் கேக்கிறது திரும்பும். எத்தனைன்னு அவனே ஒரு தாள்ல எழுதட்டும், டாக்டர்கிட்ட அந்தத் தாளைக் காட்டுங்க.

மர்ஃபி டவுன் மாமா

சிஸ்டர், நம்ம சொந்தத்துல ஒருத்தனுக்கு ரிஸ்பெரிடோன்னு மனநோய் மாத்திரை. அவனும் பீடிக்காரன். அவனுக்கும் இந்த டோஸ் கதை உண்டா?

வார்டு சிஸ்டர்

ரிஸ்பெரிடோனுக்கு இல்ல மாமா. ஓலன்சபினுக்கு உண்டு, க்ளோசபின் அளவுக்கு இல்லன்னாலும். அவர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிக்கலாம். கம் விவரம் மேல இருக்கு.

நெறியாளர்

ஹான்ஸ், குடி சம்பந்தமான கேள்விகள் தனி இழைக்கு நகர்த்தப்படுகின்றன. தேவி, உங்கள் பதிவின் நகல் அங்கே இருக்கும்.